‘வேணும்’ முதல் ‘விசுவாசம்’ வரை: ஸ்பானிய, போர்த்துக்கீசியத் தொடர்கள் தமிழுக்கு வந்த வரலாறு

முன்னுரை

கோயம்புத்தூரின் தென்கோடியில் உள்ள போத்தனூர், 1862ஆம் ஆண்டு முதல் தொடர்வண்டி நிலையமாக அறியப்பட்ட ஊர். சென்னையையும் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை அந்த ஆண்டில் நிறைவுபெற்றபோது, பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைவதற்கு முன் வண்டிகள் நின்று சென்ற இடம் இது. 1873இல் இங்கிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை அமைந்தது. தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோரோடு, இரயில்வே பணிக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இங்கே குடியேறின. ஒரே தெருவில் நான்கைந்து மொழிகள் புழங்குவது இவ்வூருக்குப் புதிதல்ல.

இவ்வூர் வீடு ஒன்றில் நாள்தோறும் பேசப்படும் சொற்களைக் கவனித்தால் வேறொரு மொழியும் உள்ளே இருப்பது தெரியும். சாவி, சன்னல், அலமாரி, மேசை, பொத்தான், துவாலை, பேனா, மேஸ்திரி, ஆயா, ஏலம், கொய்யா, அன்னாசி ஆகியவை போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. ‘மேசை’ என்பதற்கு மூலமான ‘மேசா’ என்ற சொல் ஸ்பானியத்திலும் அப்படியே உண்டு. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் ஐபீரியத் தீபகற்பத்தில் பிறந்த உடன்பிறப்பு மொழிகள்.

சொற்கள் வந்த வழி எளிது. பொருள் வரும்போது பெயரும் கூடவே வந்துவிடும். ஆனால் ஒரு தொடரை, ஒரு முழு வாக்கியத்தை, அம்மொழிகளிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இலக்கணப் பிழை இல்லாமலும், கேட்பவருக்கு இயல்பாகவும், மூலத்தின் பொருள் மாறாமலும் அது இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேர ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு முயற்சி தேவைப்பட்டது. அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

முத்துக்குளித்துறையில் முதல் மொழிபெயர்ப்பு

1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிசு சவேரியார், அதே ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் ஸ்பெயினின் வடபகுதியான நவார் நாட்டைச் சேர்ந்தவர். 1506இல் பிறந்த அவருக்குத் தாய்மொழி பாஸ்க். படித்தவர் என்ற முறையில் ஸ்பானியமும் இலத்தீனும் அறிந்திருந்தார். போர்த்துக்கல் அரசரின் ஆதரவில் வந்ததால் போர்த்துக்கீசியத்தையும் கையாண்டார். தமிழ் மட்டும் தெரியாது.

அக்கரையில் வாழ்ந்த பரதவர்கள் 1535ஆம் ஆண்டை ஒட்டிக் கிறித்தவம் தழுவியிருந்தனர். ஆனால் தங்கள் மொழியில் வேண்டுதல்கள் எதுவும் அவர்களிடம் இல்லை. சவேரியார் 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் உள்ள தம் தோழர்களுக்கு எழுதிய மடலில் தாம் செய்ததை விவரிக்கிறார். மக்களின் மொழி மலபார் என்றும் தம் மொழி பாஸ்க் என்றும், அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை என்றும் கூறுகிறார். அக்காலத்தில் போர்த்துக்கீசியர் தமிழையும் மலபார் என்றே அழைத்தனர். அறிவுள்ள சிலரைக் கூட்டி, இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, பல நாள் உழைத்து வேண்டுதல்களைத் தமிழில் ஆக்கியதாக அவர் எழுதுகிறார். பிறகு அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் அதன் படி ஒன்றை விட்டுச்சென்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தவர்களுக்கோ கடலோர வணிகத்தில் பழகிய போர்த்துக்கீசியம் தெரியும். இறையியல் சொற்கள் தெரியா. விலை பேசவும் படகு அமர்த்தவும் போதுமான மொழியறிவைக் கொண்டு நம்பிக்கை அறிக்கை ஒன்றை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பிழை நேர்ந்ததில் வியப்பில்லை.

‘எனக்கு வேணும்’ என்ற பிழை

1544இல் சவேரியார் தம் உதவியாளரான பிரான்சிசுகோ மன்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றில் எழுத்தில் பதிவான மிகப் பழைய திருத்தங்களுள் இது ஒன்று எனலாம்.

நம்பிக்கை அறிக்கை ‘நான் நம்புகிறேன்’ என்ற பொருளுடைய வினையோடு தொடங்கும். தமிழில் அது ‘எனக்கு வேணும்’ என்று ஆகியிருந்தது. ‘வேணும்’ என்றால் விரும்புவது. ‘விசுவாசம்’ என்பதே நம்புவது. எனவே இனிமேல் ‘வேணும்’ என்று சொல்லாமல் ‘விசுவாசம்’ என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்று சவேரியார் அறிவுறுத்துகிறார். அதே மடலில் இன்னொரு திருத்தமும் உண்டு. ‘வன்பினாலே’ என்ற சொல் பலவந்தத்தால் என்று பொருள்படும். கிறித்து பாடுபட்டது பலவந்தத்தால் அல்ல, தம் விருப்பத்தால். ஆகவே அச்சொல்லை நீக்க வேண்டும் என்கிறார்.

இரண்டு சொற்கள்தான். ஆனால் அவற்றின் விளைவு சிறியதல்ல. 1542 இறுதியிலிருந்து இத்திருத்தம் வரும்வரை, கரையோர ஊர்களில் மக்கள் காலையும் மாலையும் கடவுளை நம்புகிறேன் என்று எண்ணிக்கொண்டு கடவுள் வேண்டும் என்று சொல்லிவந்தனர். இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குறை இல்லை. ‘எனக்கு வேணும்’ என்பது நல்ல தமிழ். தெருவில் அன்றாடம் கேட்கும் தமிழ். அதனால்தான் பிழை வெளியே தெரியவில்லை. இலக்கணப் பிழையைக் காது உடனே கண்டுகொள்ளும். இலக்கணம் சரியாக இருந்து பொருள் மாறிய வாக்கியம் மறைந்தே இருக்கும். மூலமும் தெரிந்து, இலக்கு மொழியும் தெரிந்த ஒருவர் வரும்வரை அது வெளிப்படாது.

நம்பும் வினையே எளிதானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பானியத்தில் ‘கிரேயோ’ என்ற வினை இரண்டு வேலை செய்கிறது. கடவுளைக் குறித்துச் சொன்னால் அது நம்பிக்கை. ‘கிரேயோ கே வா ஆ யோவெர்’ என்றால் மழை வரும் என்று விசுவசிக்கிறேன் என்று பொருளல்ல. மழை வரும் போலிருக்கிறது என்பதே பொருள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஐ திங்க்’ என்று சொல்வார்களே தவிர ‘ஐ பிலீவ்’ என்று தொடங்குவது அரிது. அகராதியில் ஒரு சொல்லுக்கு நேராக ஒரு சொல்லை வைத்துவிடலாம். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை அகராதி சொல்லாது.

இலிசுபனில் அச்சான தமிழ்

அடுத்த கட்டம் இந்தியாவில் அல்ல, போர்த்துக்கல்லின் தலைநகரில் நிகழ்ந்தது. 1554 பிப்ரவரி 11ஆம் நாள் இலிசுபனில் ‘கார்தில்யா’ என்ற சிறுநூல் அச்சாயிற்று. மூன்றாம் சுவாம் அரசரின் ஆணைப்படி வெளிவந்த இந்நூலில் தமிழ் வேண்டுதல்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ் என்று கூறுவதற்கு இந்நூலே சான்று.

இந்நூலை உருவாக்கியவர்களாக மூவரின் பெயர்கள் அறியப்படுகின்றன: வின்சென்டே தெ நசரே, சோர்சே கார்வால்யோ, தோமா தா குரூசு. பெயர்கள் போர்த்துக்கீசியம், ஆட்கள் தமிழர். திருமுழுக்கின்போது பெற்ற பெயர்களாலேயே வரலாறு அவர்களை அறிகிறது. சவேரியாருக்கு உதவிய தூத்துக்குடி மொழிபெயர்ப்பாளர்களோடு ஒப்பிட்டால் இம்மூவர் பேறு பெற்றவர்களே.

நூலின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. தமிழ்ச் சொற்கள் பெரிய எழுத்திலும், அவற்றுக்கு நேர் மேலே போர்த்துக்கீசியச் சொற்கள் சிறிய எழுத்திலும் வைக்கப்பட்டுள்ளன. சொல்லுக்குச் சொல் நேர் நிறுத்தும் முறை இது. தமிழ் கற்க விரும்பும் போர்த்துக்கீசியருக்கு இது மிகவும் பயன்பட்டிருக்கும். ஆனால் இம்முறையில் தமிழ் வாக்கியம் தமிழாக நின்றால் மேலே உள்ள போர்த்துக்கீசியம் உடையும். போர்த்துக்கீசியம் ஒழுங்காக நின்றால் கீழே உள்ள தமிழ் உடையும். காரணம், வினை தமிழில் வாக்கியத்தின் இறுதியில் நிற்பது. ஐபீரிய மொழிகளில் அது முன்னே வந்துவிடும். அவர்கள் முன்னால் வைக்கும் சிற்றிடைச் சொற்களை நாம் வேற்றுமை உருபாகப் பின்னால் ஒட்டுகிறோம். ஒரே பக்கத்தில் இரு மொழியையும் அடுக்கிப் பார்த்தபோதுதான் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது.

இந்நூலை 1954இல் இலிசுபனில் கண்டு தமிழுலகுக்கு அறிவித்தவர் சேவியர் தனிநாயகம் அடிகள்.

என்றிக்கே என்றிக்கசும் தமிழ் இலக்கணமும்

வேற்றுமொழியாளர் ஒருவர் தாமே தமிழைக் கற்று, மொழிபெயர்ப்பைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டது என்றிக்கே என்றிக்கசு காலத்தில் நிகழ்ந்தது. போர்த்துக்கல்லின் விலா விசோசா ஊரில் 1520இல் பிறந்த அவர், 1546இல் இந்தியா வந்தார். 1547 முதல் 1600இல் மறையும்வரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முத்துக்குளித்துறையில் பணியாற்றினார். தமிழில் அவர் அண்டிரிக்கி அடிகளார் எனப்படுகிறார்.

1548 அக்டோபரில் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில், முதலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே பேசியதாகவும், பிறகு வினைகள், காலங்கள், இடங்கள், எண்கள் ஆகியவற்றை முறைப்படுத்தி ஒருவகை இலக்கணத்தைத் தாமே அமைத்துக்கொண்டு கற்றதாகவும் அவர் கூறுகிறார். சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளரின் துணையின்றிப் பேச முடிந்தது.

அந்த இலக்கணம் ‘மலபார் மொழிக் கலை’ என்ற பொருள்படும் பெயரில் கையெழுத்துப்படியாக இலிசுபனில் இருக்கிறது. ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அது 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. 1492இல் அந்தோனியோ தெ நெப்ரிகா ஸ்பானியத்துக்கு இலக்கணம் எழுதினார். 1540இல் சுவாம் தெ பாரோசு போர்த்துக்கீசியத்துக்கு எழுதினார். தாய்மொழிகளுக்கு இலத்தீனைப்போல் இலக்கணம் வகுக்கும் அந்த அலை, நூற்றாண்டின் நடுவிலேயே தமிழையும் தொட்டது. தமிழுக்குத் தொல்காப்பியமும் நன்னூலும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. ஆனால் கடற்கரையில் மக்கள் பேசும் தமிழுக்கு யாரும் இலக்கணம் எழுதியிருக்கவில்லை. என்றிக்கசின் நூல் அப்பேச்சுத் தமிழைப் பதிவு செய்தது. பதினாறாம் நூற்றாண்டுப் பரதவர் எப்படிப் பேசினர் என்று அறிய விரும்புவோருக்கு இன்றும் அது அரிய சான்று.

தம்பிரான் வணக்கம்

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறு பக்கமே உள்ள இந்நூலே தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைக்கும் முதல் நூல். மொழிபெயர்ப்பில் என்றிக்கசுக்கு மனுவேல் தெ சாம் பேத்ரோ என்பவர் துணைநின்றார். தமிழ் அச்செழுத்துகளை 1577இல் கோவாவில் செய்தவர் சுவாம் கொன்சால்வெசு என்ற ஸ்பானியத் துறவுச் சகோதரர். 1578இல் கொல்லத்தில் சுவாம் தெ ஃபாரியா மேலும் திருத்தமான எழுத்துகளைச் செய்தார். இருவகை எழுத்துகளும் நூலின் இறுதியில் காட்டப்பட்டுள்ளன. 1579 நவம்பரில் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586இல் புனிதர் வரலாறுகளைக் கூறும் ‘அடியார் வரலாறு’ என்ற பெருநூல் வந்தது.

‘தம்பிரான்’ என்ற தலைப்புச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடவுளைக் குறிக்க ஸ்பானிய, போர்த்துக்கீசியச் சொற்களை அப்படியே வைக்காமல், மக்கள் ஏற்கனவே இறைவனைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லைத் தேர்ந்தது பெரிய முடிவு. ஆனால் எல்லாச் சொற்களுக்கும் அவ்வாறு செய்யவில்லை. தூய ஆவி, திருச்சபை போன்ற கருத்துகளுக்குப் போர்த்துக்கீசிய ஒலியே தமிழ் எழுத்தில் எழுதப்பட்டது. பொருள் மாறிவிடுமோ என்ற அச்சமே காரணம். ‘வேணும்’ என்ற பிழையால் சூடுபட்டவர்கள், ஐயமுள்ள இடத்தில் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுவதே பாதுகாப்பு என்று கருதியிருக்கலாம்.

பறங்கியும் மீசையும்

மொழிபெயர்க்காமல் விடுவதும் பாதுகாப்பல்ல என்பது மதுரையில் தெரியவந்தது. 1606இல் மதுரை வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, அங்கே சமயம் சேர விரும்புவோரிடம் கேட்கப்பட்ட கேள்வியைக் கவனித்தார். கிறித்தவராக விரும்புகிறீரா என்ற பொருளில், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்டுவந்தனர். பறங்கி என்பது போர்த்துக்கீசியரையும் அவர்களின் பழக்கவழக்கங்களையும் குறித்த சொல். ஒரு சமயத்தில் சேர்வதைக் கேட்டவர், வேறொரு குலத்தில் சேர்வதாக அதைப் புரிந்துகொண்டார்.

திருப்பலியைக் குறிக்கும் ‘மிசா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லும் தமிழர் காதில் ‘மீசை’ என்று விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. நொபிலி அதற்குப் ‘பூசை’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கோயில், குரு, வேதம், சருவேசுரன், ஞானஸ்நானம் முதலிய சொற்களும் அவர் காலத்தில் நிலைபெற்றன. வடமொழிச் சாயல் மிகுந்தவை என்று பிற்காலத்தில் அவற்றின்மீது குறை கூறப்பட்டது உண்மை. எனினும் கேட்பவர் காதிலிருந்து தொடங்கி மொழிபெயர்க்க வேண்டும் என்ற நெறியை அவரே வலுவாக நாட்டினார்.

கொங்கு நாடும் அம்பழக்காட்டு அகராதியும்

1623இல் நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் சென்றார். அந்நூற்றாண்டில் மதுரை மறைப்பணி சத்தியமங்கலம் முதலிய கொங்குப் பகுதிகளுக்கும் பரவியது. கடற்கரைத் தமிழில் பழகிய மொழிபெயர்ப்பு, உள்நாட்டு உழவர்களின் தமிழை அப்போது சந்தித்தது.

இப்பணியில் ஈடுபட்டவர்களுள் ஒருவரான அந்தாம் தெ புரொயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1679இல் அம்பழக்காட்டில் அச்சாயிற்று. அதில் 16,546 சொற்கள் உள்ளன. தமிழில் முதலில் அச்சான அகராதி இதுவே. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைக் கண்டறிந்த தனிநாயகம் அடிகள், 1966இல் கோலாலம்பூரில் நிழற்படிப் பதிப்பாக வெளியிட்டார். நிகண்டுகள் புலவர்களுக்கான செய்யுள் சொற்களைத் தொகுத்தன. புரொயென்சாவின் அகராதியோ பேச்சுவழக்கில் உள்ள சொற்களுக்கும் இடம் தந்தது.

இந்த ஊர்களின் இருப்பிடம் போத்தனூர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்ததே. போத்தனூரிலிருந்து கேரளம் நோக்கிச் செல்லும் வண்டி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து திருச்சூர், சாலக்குடி, எறணாகுளம், கொல்லம் என்று போகிறது. சாலக்குடிக்குத் தெற்கே சற்று உள்ளே அம்பழக்காடு இருக்கிறது. அச்சுத் தமிழின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று முக்கிய ஊர்களும் ஏறக்குறைய இந்த ஒரே தடத்தில் அமைந்துள்ளன.

ஆங்கிலம் இடையில் வந்தது

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலை மாறியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, கரையோரப் பொதுமொழியாக இருந்த போர்த்துக்கீசியத்தையும் கற்றே தம் பணியைத் தொடங்கினார். ஆனால் நூற்றாண்டின் இறுதிக்குள் அந்த இடத்தை ஆங்கிலம் பிடித்தது. 1779இல் வேப்பேரியில் அச்சான பெப்ரிசியசு அகராதி தமிழுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறியது. அதன்பின் ஐரோப்பிய மொழி எதுவாக இருந்தாலும் தமிழுக்கு வர ஆங்கிலத்தின் வழியாகவே வர வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. ஸ்பானிய இலக்கியமும் பெரும்பாலும் அப்படித்தான் வந்தது.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. சில இடங்களில் ஸ்பானியமும் தமிழும் ஒன்றுபோல் சிந்திக்கும். இடையில் உள்ள ஆங்கிலமே வேறுபட்டு நிற்கும். சில எடுத்துக்காட்டுகளைப் பார்க்கலாம்.

‘மெ குஸ்தா எல் கஃபே’ என்பது ஸ்பானியம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், எனக்குப் பிடிக்கிறது காப்பி. தமிழிலும் ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்றே சொல்கிறோம். இரு மொழியிலும் பிடிப்பது காப்பி. பிடித்த ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் மட்டும் ‘ஐ லைக் காஃபி’ என்று நான் எழுவாயாகிவிடுகிறேன். ஸ்பானியத்தை அப்படியே ஆங்கிலமாக்கினால் காப்பி என்னை மகிழ்விக்கிறது என்பதுபோல் ஒரு வாக்கியம் வரும். இலக்கணம் சரியாக இருந்தாலும் ஆங்கிலேயர் யாரும் அப்படிப் பேசமாட்டார்.

‘செ மெ காயோ எல் வாசோ’ என்று ஸ்பானியர் சொன்னால், டம்ளர் கைதவறி விழுந்துவிட்டது என்று பொருள். விழுந்தது டம்ளர், என் தவறு மறைமுகமாகவே சொல்லப்படுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதும் இதேதான். ஆங்கிலத்தின் இயல்பான தொடரோ நான் டம்ளரைக் கீழே போட்டேன் என்று குற்றத்தை நேராக ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர் அதை அப்படியே எழுதினால், மூலத்தில் தற்செயலாக நடந்தது தமிழில் வேண்டுமென்றே செய்ததாகிவிடக்கூடும்.

‘தெங்கோ ஆம்பிரே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பசியை வைத்திருக்கிறேன்’ என்றாகும். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹங்க்ரி’. தமிழில் ‘எனக்குப் பசிக்கிறது’. இங்கே மூன்று மொழியும் மூன்று வழியில் போகின்றன. சொல்லை விட்டுவிட்டு, பசித்தவர் தம் மொழியில் என்ன சொல்வார் என்று கேட்பதே இங்கு உதவும்.

மரியாதைச் சொற்களில் இழப்பு இன்னும் பெரிது. ஸ்பானியத்தில் நெருங்கியவரைத் ‘தூ’ என்றும், மதிப்புக்குரியவரை ‘உஸ்தெத்’ என்றும் அழைப்பர். ‘உஸ்தெத்’ என்பது தங்கள் அருளுடைமை என்ற பொருளுடைய பழைய மரியாதைத் தொடரின் குறுக்கம். தமிழில் நீ, நீங்கள் என்ற பாகுபாடு உண்டு. கொங்கு நாட்டில் அது இன்னும் நுட்பமாகச் செயல்படும். ‘ஏனுங்க’, ‘சரிங்க’, ‘வாங்க’ என்று ஒவ்வொரு சொல்லிலும் ‘ங்க’ ஒட்டிக்கொண்டு, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான உறவைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘யூ’ ஒன்றே. ஸ்பானிய நாவலில் ஒரு பாத்திரம் ‘உஸ்தெத்’ என்பதை விட்டுத் ‘தூ’ என்று மாறும்போது அங்கே ஓர் உறவே மாறுகிறது. ஆங்கில வாசகருக்கு அது தெரியாது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குபவர் எங்கே ‘நீ’, எங்கே ‘நீங்க’ என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூலத்தில் விடை இருந்தும் வழியில் அது தொலைந்துபோகிறது.

கோவையிலிருந்து தனிமைக்கு

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேசின் புகழ்பெற்ற நாவல் 1967இல் புவனோஸ் ஐரிசில் வெளிவந்தது. கிரெகரி ரபாசாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1970இல் வந்தது. தமிழில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்ற பெயரில் 2013இல் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. மொழிபெயர்த்தவர்கள் சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும். கவிஞர் சுகுமாரன் கோயம்புத்தூரில் பிறந்தவர். இலத்தீன் அமெரிக்கா பற்றிய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் கோவையில் இயங்கிய விடியல் பதிப்பகத்துக்கும் பங்குண்டு.

அந்நாவலின் தலைப்பே மொழிபெயர்ப்புக்கு ஒரு பாடம். ‘சொலெதாத்’ என்ற ஸ்பானியச் சொல், தானே விரும்பி ஏற்கும் தனிமையையும் யாருமற்றுத் தவிக்கும் தனிமையையும் ஒருசேரக் குறிக்கும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு இரு வேறு சொற்கள் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ரபாசா முதற்பொருளுக்கு நெருக்கமான ‘சாலிட்யூட்’ என்ற சொல்லை எடுத்தார். ‘தனிமை’ என்ற தமிழ்ச் சொல்லோ ஸ்பானியச் சொல்லைப்போலவே இரு பொருளையும் தாங்கும். ஆங்கிலம் என்ற இடைவழியைக் கடந்து வந்தும், தலைப்பு தமிழில் மூலத்துக்கு நெருக்கமாக அமைந்துவிட்டது.

முடிவுரை

1542இல் தூத்துக்குடிக் கரையில் கூடிய மொழிபெயர்ப்பாளர்களும் 2013இல் நாவலை மொழிபெயர்த்தவர்களும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதை நம் ஊரில் ஒருவர் எப்படிச் சொல்வார்? இலக்கணம் தெரிந்தால் வாக்கியம் நிற்கும். வழக்கு தெரிந்தால் அது இயல்பாக ஒலிக்கும். ஆனால் மூலம் தெரிந்தால்தான் பொருள் நிலைக்கும். ‘எனக்கு வேணும்’ என்ற தொடரில் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. ‘மிசா’ மூலத்துக்கு உண்மையாக இருந்தது. வழக்கு அதைக் கைவிட்டது.

இவ்வரலாற்றில் இன்னொன்றும் விளங்குகிறது. சவேரியாரின் பிழை திருத்தப்பட்டதை அறிவோம். ‘வேணும்’ என்பது விரும்புவதைக் குறிக்கும் என்று அவருக்கு எடுத்துச் சொன்ன தமிழரின் பெயரை அம்மடல் குறிக்கவில்லை. தமிழ் அறியாத ஒருவர் அதைத் தாமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. தினமும் சொல்லும் வேண்டுதலின் பொருளை நின்று யோசித்த யாரோ ஒருவர், பெரியவர் தந்த வாசகம் என்று பேசாமல் இராமல், இது தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு சரியாக அமைவதற்கு அப்படி ஒருவர் வாய்திறப்பதும், அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள மற்றவர் மனம் வைப்பதும் தேவை. இரண்டும் 1544இல் நடந்தன.